இரண்டு இழைகளில் எதைப் படிப்பது என்று பாலிமரேஸுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி இது: டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுக்கப்படுவதில் தொடக்கம், நீட்சி, முடிவு என்று மூன்று படிகள் உண்டு என்பது தெரியும். ஆனால் இரண்டு இழைகளில் எதைப் படிப்பது, எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று படியெடுக்கும் நொதியான பாலிமரேஸுக்கு எப்படித் தெரிகிறது?

கேள்வியின் பின்பாதிதான் உண்மையான கேள்வி. பெரும்பாலான விளக்கங்கள் ‘ஏ’வுக்கு எதிரே ‘யு’, ‘ஜி’க்கு எதிரே ‘சி’ என்று ஜோடி சேர்ப்பதோடு நின்றுவிடுகின்றன. ஜோடி சேர்ப்பது இதில் எளிய வேலை. ஈ. கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் எழுத்து ஜோடிகள். மனிதனுடையதில் 300 கோடிக்கும் மேல். அதற்குள் சரியான இடத்தைப் பிடிப்பதும், வேலை முடிந்ததும் பிடியை விடுவதும்தான் கஷ்டம். செல் தன் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியை அந்த இரண்டு ஓரங்களில்தான் வைத்திருக்கிறது. பாக்டீரியாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே பாகங்கள் குறைவு, காரணங்கள் தெளிவாகத் தெரியும்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடலாம். டிஎன்ஏவில் ஏ, டி, ஜி, சி என்று நான்கு காரங்கள். அவற்றை எழுத்துகள் என்றே சொல்கிறேன். ஆர்என்ஏவில் ‘டி’க்குப் பதில் ‘யு’. சர்க்கரை டிஆக்சிரைபோஸுக்குப் பதில் ரைபோஸ். பெரும்பாலும் ஒற்றை இழை. படியெடுக்கும் நொதியின் பெயர் ஆர்என்ஏ பாலிமரேஸ். ஒரு முக்கியமான விஷயம்: டிஎன்ஏ பாலிமரேஸ் வேலையைத் தொடங்க ஏற்கெனவே ஒரு சிறு துண்டு இருந்தாக வேண்டும், அதைத்தான் பிரைமர் என்கிறோம். ஆர்என்ஏ பாலிமரேஸுக்கு அது தேவையில்லை. வெறும் இரண்டு எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தானே முதல் பிணைப்பைப் போட்டுக்கொள்ளும்.

இப்போது இழை விஷயம். டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் எதிரெதிர் திசையில் ஓடுகின்றன. ஒவ்வோர் இழைக்கும் 5 பிரைம் என்று ஒரு முனை, 3 பிரைம் என்று ஒரு முனை. பாலிமரேஸ் எந்த உயிரியில் இருந்தாலும் ஆர்என்ஏவை 5 பிரைமிலிருந்து 3 பிரைம் நோக்கி மட்டுமே நீட்டும். அதற்கு ஏற்றபடி, படிக்கப்படும் இழையில் 3 பிரைமிலிருந்து 5 பிரைம் நோக்கி நகர வேண்டியிருக்கும். ஓர் உதாரணம் பார்ப்போம்.

மேல் இழை, 5 பிரைமிலிருந்து: ஏ-டி-ஜி-சி-சி-டி-ஏ-ஏ-ஜி
கீழ் இழை, 3 பிரைமிலிருந்து: டி-ஏ-சி-ஜி-ஜி-ஏ-டி-டி-சி

பாலிமரேஸ் இடமிருந்து வலமாகப் போனால், கீழ் இழைதான் வார்ப்பு இழை, அதாவது படிக்கப்படும் இழை. கிடைக்கும் ஆர்என்ஏ: ஏ-யு-ஜி-சி-சி-யு-ஏ-ஏ-ஜி. மேல் இழையை அப்படியே எழுதி ‘டி’யை ‘யு’ ஆக்கினால் வருவதும் இதேதான். அதனால்தான் மேல் இழையைக் குறியீட்டு இழை என்கிறார்கள், அதை யாரும் படிக்காவிட்டாலும். மாறாக, பாலிமரேஸ் வலமிருந்து இடமாக வந்தால் மேல் இழை வார்ப்பாகிவிடும். அப்போது ஆர்என்ஏ சி-யு-யு-ஏ-ஜி-ஜி-சி-ஏ-யு. முற்றிலும் வேறு செய்தி. தேர்வில் இந்த மாதிரி கணக்கு வந்தால், எழுத்துகளை மாற்ற ஆரம்பிக்கும் முன் 5 பிரைம், 3 பிரைம் எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆக, இழையைத் தேர்ந்தெடுப்பது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. திசை முடிவானால் இழையும் முடிவாகிவிடும். அதே குரோமோசோமில் ஒரு மரபணுவுக்கு வார்ப்பாக இருக்கும் இழை, பக்கத்து மரபணுவுக்குக் குறியீட்டு இழையாக இருக்கலாம். முழு குரோமோசோமுக்கும் ஒரே வார்ப்பு இழை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி எதுவும் இல்லை.

அப்படியானால் திசையை முடிவு செய்வது எது? மரபணுவுக்கு முன்னால் இருக்கும் புரோமோட்டர் என்ற பகுதி. ஈ. கோலையில் மிகப் பரவலான புரோமோட்டர் வகையில் இரண்டு சிறு அடையாளங்கள் உண்டு. படியெடுத்தல் தொடங்கும் எழுத்துக்குச் சுமார் 35 எழுத்துகள் முன்னால் டி-டி-ஜி-ஏ-சி-ஏ, சுமார் 10 எழுத்துகள் முன்னால் டி-ஏ-டி-ஏ-ஏ-டி. இரண்டுக்கும் நடுவே 17 எழுத்துகள் இருந்தால் உத்தமம். இரண்டு அடையாளங்களும் வெவ்வேறானவை, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பவை என்பதைக் கவனியுங்கள். இதைத் திருப்பிப் போட்டால் பொருந்தாது. அதனால் பாலிமரேஸ் அதன்மேல் ஒரே ஒரு விதமாகத்தான் உட்கார முடியும். உட்கார்ந்த விதமே எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடும். உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு, பாக்டீரியாவைப் பொறுத்தவரை, இதுதான் பதில்.

அடையாளத்தைக் கண்டுபிடிப்பது பாலிமரேஸின் மைய உடல் இல்லை. அதோடு தற்காலிகமாகச் சேரும் சிக்மா என்ற புரதம். 1969-இல் இது பிரித்தறியப்பட்டது. சிக்மா இல்லாத பாலிமரேஸுக்கு ஆர்என்ஏ நீட்டத் தெரியும், ஆனால் சரியான இடத்தில் தொடங்கத் தெரியாது. ஈ. கோலையிடம் ஏழு வகை சிக்மா இருக்கின்றன. வெப்பம் எகிறினால் வேறொரு சிக்மா பெருகி, பாலிமரேஸை வெப்பத்தைச் சமாளிக்கும் மரபணுக்களின் பக்கம் திருப்பிவிடுகிறது. நகலெடுக்கும் இயந்திரம் அதேதான். முகவரி சொல்லும் பாகம் மட்டும் மாறுகிறது. பாக்டீரியா மரபணுக் கட்டுப்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சிக்மா அடையாளத்தைத் தொட்டதும் அங்கே இரட்டை இழை திறக்கிறது. மைனஸ் 10 பகுதியிலுள்ள, அதாவது தொடக்கத்துக்குச் சுமார் 10 எழுத்து முன்னாலுள்ள, டி-ஏ-டி-ஏ-ஏ-டியில் இரண்டாவது எழுத்தான ‘ஏ’வும் கடைசி எழுத்தான ‘டி’யும் இழையிலிருந்து வெளியே புரண்டு, சிக்மாவிலுள்ள சிறு குழிகளுக்குள் போய் உட்காருகின்றன. அடையாளத்தைப் படிப்பதும் இழையைப் பிரிப்பதும் ஒரே செயலாக நடக்கிறது. அந்தப் பகுதியில் ஏ, டி எழுத்துகளே இருப்பதற்கும் காரணம் உண்டு: ஏ–டி ஜோடி இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால்தான் நிற்கிறது, ஜி–சி மூன்றால். பிரிப்பது சுலபம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள் விலகி ஒரு திறந்த குமிழ் உருவாகிறது.

அடுத்து நடப்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. பாலிமரேஸ் உடனே ஓடத் தொடங்குவதில்லை. இரண்டு எழுத்து, ஐந்து எழுத்து, எட்டு எழுத்து என்று குட்டிக் குட்டி ஆர்என்ஏக்களை உருவாக்கி உதறிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அப்போது அது புரோமோட்டரை விட்டு நகர்வதில்லை. இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு முன்னாலுள்ள டிஎன்ஏவைத் தனக்குள் இழுத்துத் திணித்துக்கொள்கிறது. இதை 2006-இல் ஒற்றை மூலக்கூறு சோதனைகள் நேரடியாகக் காட்டின. திணித்த டிஎன்ஏவில் தேங்கும் இறுக்கம் ஒரு கட்டத்துக்கு மேல் போனதும் இரண்டில் ஒன்று நடக்கும்: ஆர்என்ஏ கழன்று விழும், அல்லது பாலிமரேஸ் புரோமோட்டரிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும். இதனால் வேடிக்கையான ஒரு விளைவும் உண்டு. அடையாளங்கள் மிகக் கச்சிதமாகப் பொருந்திவிட்டால் பிடி அளவுக்கு மீறி இறுகி, கிளம்புவதே தாமதமாகலாம். நல்ல புரோமோட்டர் என்றால் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்.

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் தாக்குவது சரியாக இந்தக் கட்டத்தைத்தான். பாக்டீரியா பாலிமரேஸின் புரதப் பாகங்களில் ஒன்றான பீட்டா துணையலகில், புதிய ஆர்என்ஏ வெளியேறும் பாதையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆர்என்ஏ இரண்டு மூன்று எழுத்து நீண்டதும் மருந்தில் முட்டி நின்றுவிடும். ஏற்கெனவே நீளமாக ஓடிக்கொண்டிருக்கும் பாலிமரேஸை இந்த மருந்து நிறுத்தாது; புதிதாகத் தொடங்குவதைத்தான் தடுக்கும். பீட்டா துணையலகின் மரபணுவில் ஒரு சிறு பகுதியில் எழுத்து மாறினாலே மருந்து ஒட்டாமல் போய்விடுகிறது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோயைக் கண்டறியும் துரித சோதனைகள் அந்தப் பகுதியைத்தான் பார்க்கின்றன.

புரோமோட்டரை விட்டுக் கிளம்பிய பிறகு வேலை சீரானது. ஓர் எழுத்து சேர்வதை மட்டும் அருகிலிருந்து பார்ப்போம். பாலிமரேஸின் நடுவில் இரண்டு மெக்னீசியம் அயனிகள் இருக்கின்றன. வார்ப்பு இழையின் அடுத்த எழுத்து ‘ஜி’ என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டுத் துளை வழியாக எல்லா வகை எழுத்துகளும் வந்து போகின்றன. மூன்று பாஸ்பேட்களைச் சுமந்த ‘சி’ வந்தால் மட்டும் ஜோடி சரியாக அமைகிறது. உடனே நொதியின் ஒரு மடிப்பு அதன்மேல் மூடிக்கொள்கிறது. ஏற்கெனவே இருக்கும் ஆர்என்ஏவின் 3 பிரைம் முனையிலுள்ள ஹைட்ராக்சில், புதிய எழுத்தின் முதல் பாஸ்பேட்டைத் தாக்கிப் பிணைப்பைப் போடுகிறது. மீதி இரண்டு பாஸ்பேட்களும் சேர்ந்து பைரோபாஸ்பேட்டாக வெளியேறுகின்றன. வேலைக்கான ஆற்றலை எழுத்து தன் கையோடு கொண்டுவந்துவிடுகிறது, அதற்கென்று தனியாக ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவில்லை. மடிப்பு திறக்கிறது. நொதி ஓர் எழுத்து முன்னே நகர்கிறது, தூரம் 0.34 நானோமீட்டர். இந்த ஒற்றை எழுத்து நகர்வை 2005-இல் ஒளியிடுக்கி என்ற கருவியின் உதவியால் அளந்தே காட்டினார்கள்.

இது பாக்டீரியாவில் நொடிக்கு 40 முதல் 80 தடவை நடக்கும். புதிய ஆர்என்ஏவின் கடைசி ஒன்பது எழுத்து அளவு மட்டும் டிஎன்ஏவோடு ஜோடியாக இருக்கும். அதற்கு முந்தையது உரிந்து வெளியே வந்துவிடும், பின்னால் டிஎன்ஏ இழைகள் மறுபடி சேர்ந்துகொள்ளும். குமிழ் அளவு மாறாமல் முன்னே நகர்ந்துகொண்டே போகும்.

தவறு நடக்காதா? நடக்கும். பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் எழுத்துகளுக்குள் ஒரு தவறு என்பது பொதுவான அளவு. டிஎன்ஏ இரட்டிப்பாகும்போது, எல்லாத் திருத்தங்களும் முடிந்த பிறகு, தவறு நூறு கோடியில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். ஆர்என்ஏவுக்கு அந்த அளவு கறார் தேவையில்லை. பாக்டீரியாவில், புரதம் தயாரிக்கச் செய்தி சுமக்கும் தூது ஆர்என்ஏக்கள் பலவற்றின் ஆயுளே சில நிமிடங்கள்; ஒரு பிரதி பிசகினால் நல்ல பிரதிகள் நிறைய உண்டு. என்றாலும் திருத்தம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. தவறான எழுத்து சேர்ந்தால் பாலிமரேஸ் தயங்கி, ஓரிரு எழுத்து பின்வாங்கி, முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடரும். இந்த வெட்டுக்கு உதவ பாக்டீரியாவில் கிரீஏ, கிரீபி என்ற புரதங்கள் உண்டு.

இன்னொரு தொல்லை, டிஎன்ஏவின் முறுக்கு. பத்தரை ஜோடிக்கு ஒரு சுற்று என்று முறுக்கிய இரட்டைக் கயிறு அது. இரண்டு முனைகளும் கட்டப்பட்ட அப்படியொரு கயிற்றை நடுவில் பிரித்துக்கொண்டே முன்னேறினால், முன்பக்கம் முறுக்கு ஏறும், பின்பக்கம் தளரும். பாலிமரேஸ் பெரிய உடம்பு; ஆர்என்ஏவும், அதில் தொற்றிய, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களும் வேறு சேர்ந்து கிடக்கின்றன. டிஎன்ஏவைச் சுற்றிச் சுழன்றுகொண்டே ஓட அதனால் எளிதில் முடியாது. அதனால் டிஎன்ஏவையே வெட்டி, முறுக்கை விடுவித்து, மறுபடி ஒட்டும் டோபோஐசோமரேஸ் நொதிகள் கூடவே வேலை செய்கின்றன. அவை நின்றால் படியெடுத்தலும் திணறும்.

பாக்டீரியாவில் முடிவு இரண்டு விதம். முதலாவதில், ஆர்என்ஏவே தன் முடிவைச் சொல்கிறது. ஜி, சி நிறைந்த ஒரு பகுதி வெளியே வந்ததும் அது தன்மேலேயே மடங்கி ஒரு கொண்டை ஊசி வடிவத்தை எடுக்கும். அதற்கு அடுத்தபடி ஏழெட்டு ‘யு’க்கள் வரிசையாக வரும்படி டிஎன்ஏவில் எழுதியிருக்கும். ஆர்என்ஏவின் ‘யு’ டிஎன்ஏவின் ‘ஏ’யோடு சேரும் பிணைப்பு மிகப் பலவீனமானது. பலவீனமான அந்தப் பிடி மட்டும் மிச்சமிருக்கும் தருணத்தில் கொண்டை ஊசி மடிவதால், ஆர்என்ஏ கழன்றுவிடுகிறது. வெளியிலிருந்து எந்தப் புரதமும் வர வேண்டியதில்லை.

இரண்டாவதில் ரோ என்ற புரதம், ஆறு துணையலகுகள் கொண்ட வளையம், ஆர்என்ஏவைப் பிடித்து ஏடிபியைச் செலவழித்து பாலிமரேஸைக் கழற்றுகிறது. ரோ ஆர்என்ஏ மேல் ஓடிவந்து பாலிமரேஸை எட்டிப்பிடிக்கும் என்பது வழக்கமான விளக்கம். ரோ முன்கூட்டியே பாலிமரேஸோடு ஒட்டிப் பயணிக்கலாம் என்பதை அண்மைக் கட்டமைப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. எப்படியிருந்தாலும் ரோவுக்கு மூடாத ஆர்என்ஏ வேண்டும். பாக்டீரியாவில் உட்கரு இல்லாததால், ஆர்என்ஏ உருவாகும்போதே ரைபோசோம்கள் ஏறிப் புரதம் தயாரிக்க ஆரம்பித்துவிடும். அவை இருக்கும்வரை ரோவுக்கு இடம் கிடைக்காது. ரைபோசோம் பின்தொடராத ஆர்என்ஏ என்றால், அதைத் தொடர்ந்து நீட்டுவதே வீண். ரோ வந்து நிறுத்திவிடும்.

இனி மனித செல். அடிப்படை வேதியியல் அதேதான், ஆனால் அலுவலகம் பெரியது. ஒரு பாலிமரேஸுக்குப் பதில் மூன்று: ஒன்று பெரிய ரைபோசோம் ஆர்என்ஏக்களுக்கு, இரண்டாவது தூது ஆர்என்ஏவுக்கு, மூன்றாவது, அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் கடத்து ஆர்என்ஏ போன்ற சிறியவற்றுக்கு. 1969-இல் ரோடரும் ரட்டரும் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். செல்லில் உள்ள ஆர்என்ஏவில் பெரும்பகுதி ரைபோசோமுடையது. தூது ஆர்என்ஏ சில சதவீதம்தான். ஆனாலும் எல்லோரும் பேசுவது இரண்டாவது பாலிமரேஸைப் பற்றி. ரோஜர் கோர்ன்பெர்க் 2001-இல் ஈஸ்டில் அதன் அணு அளவிலான அமைப்பை வெளியிட்டார். 2006-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அவருடைய அப்பா ஆர்தர் கோர்ன்பெர்க், டிஎன்ஏ பாலிமரேஸுக்காக 1959-இல் நோபல் வாங்கியவர். அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்ட செவெரோ ஓச்சோவா கண்டுபிடித்த நொதி, குழாயில் ஆர்என்ஏவை உருவாக்கியது. ஆனால் அதற்கு வார்ப்பே தேவைப்படவில்லை. செல்லுக்குள் அதன் முக்கிய வேலை ஆர்என்ஏவைச் சிதைப்பது என்று பிறகு தெரிந்தது. உண்மையான ஆர்என்ஏ பாலிமரேஸ் அதே ஆண்டுகளையொட்டித்தான் வேறு ஆய்வகங்களில் பிடிபட்டது. பரிசு வீண் என்று நான் சொல்ல மாட்டேன்: அந்த நொதியால் தயாரித்த செயற்கை ஆர்என்ஏக்கள்தான் மரபுக் குறியீட்டை உடைக்க உதவின.

மனித செல்லில் சிக்மாவின் வேலையைப் பல புரதங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. டிபிபி என்ற புரதம் தொடக்கத்துக்குச் சுமார் 30 எழுத்து முன்னால் இருக்கும் ‘டாட்டா’ வரிசையைப் பிடித்து டிஎன்ஏவை வளைக்கிறது. ஆனால் மனித மரபணுக்களில் சிறுபான்மைக்கே தெளிவான டாட்டா வரிசை உண்டு, மற்றவற்றில் வேறு அடையாளங்கள். இழையைத் திறக்க டிஎஃப்டூஎச் என்ற கூட்டமைப்பு ஏடிபி செலவழிக்கிறது. கிளம்பிய பிறகும் பல மரபணுக்களில் பாலிமரேஸ் 20 முதல் 60 எழுத்து தூரத்தில் நின்று, சைகை வரும்வரை காத்திருக்கும்.

இரண்டாவது பாலிமரேஸுக்கு நீண்ட வால் ஒன்று உண்டு. ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே வரிசை, மனிதனில் 52 தடவை திரும்பத் திரும்ப வரும். அந்த வாலில் பாஸ்பேட் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்த்து உதவிப் புரதங்கள் ஏறி இறங்குகின்றன. ஆர்என்ஏ 20, 30 எழுத்து நீண்டதுமே அதன் 5 பிரைம் முனையில் தொப்பி என்ற பாதுகாப்பு மூடி போடப்படுகிறது. இன்ட்ரான் என்ற இடைத் துண்டுகளை வெட்டி, எக்சான் என்ற மிஞ்சும் துண்டுகளை இணைப்பதும் பெரும்பாலும் ஓட்டத்தின் நடுவிலேயே நடக்கிறது. தசைப் புரதமான டிஸ்ட்ரோஃபினின் மரபணு 20 லட்சம் எழுத்துகளுக்கும் மேல் நீளம். ஒருமுறை படியெடுக்கவே சுமார் 16 மணி நேரம். கடைசியில் மிஞ்சும் தூது ஆர்என்ஏ சுமார் 14,000 எழுத்துகள்தான். மரணத் தொப்பி என்ற காளானின் ஆல்ஃபா அமானிட்டின் நஞ்சு இந்தப் பாலிமரேஸின் அசையும் பாகத்தைப் பிடித்து அதன் வேகத்தை ஊர்ந்து போகும் அளவுக்குக் குறைக்கிறது; புதிய தூது ஆர்என்ஏ கிடைக்காமல் கல்லீரல் செல்கள் சாகின்றன.

இங்கே முடிவும் வேறு மாதிரி. ஏ-ஏ-யு-ஏ-ஏ-ஏ என்ற வரிசை ஆர்என்ஏவில் வெளிவந்ததும், அதற்குப் பத்து முப்பது எழுத்து தள்ளி ஆர்என்ஏ வெட்டப்படுகிறது; வெட்டிய முனையில் இருநூறு வரை ‘ஏ’க்கள் சேர்க்கப்படுகின்றன. தூது ஆர்என்ஏ தயார். ஆனால் பாலிமரேஸுக்கு இன்னும் ஓட்டம் நிற்கவில்லை, ஆயிரக்கணக்கான எழுத்துகள் தாண்டியும் போகும். வெட்டுப்பட்ட மிச்ச ஆர்என்ஏவின் முனையில் தொப்பி இல்லை. எக்ஸ்ஆர்என்2 என்ற நொதி அதைப் பிடித்து மென்றுகொண்டே பின்தொடர்ந்து, பாலிமரேஸை எட்டியதும் அதைக் கழற்றிவிடுகிறது.

இப்போது மறுபடி திசைக்கு வருகிறேன், ஏனென்றால் பாக்டீரியாவுக்குச் சொன்ன நேர்த்தியான பதில் மனிதனில் முழுதாகச் செல்லுபடியாகாது. பல மனித புரோமோட்டர்களிலிருந்து பாலிமரேஸ் இரண்டு பக்கமும் கிளம்புகிறது என்று 2008-இல் தெரியவந்தது. மரபணு இருக்கும் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் இன்னொன்று, எதிர் இழையைப் படித்தபடி. எதிர்ப்பக்கம் போனது ஏன் நீளமான ஆர்என்ஏவை உருவாக்குவதில்லை? அந்தப் பக்கத்து வரிசையில் ஏ-ஏ-யு-ஏ-ஏ-ஏ போன்ற வெட்டுக் குறிகள் சீக்கிரமே வந்துவிடுகின்றன. மரபணு இருக்கும் பக்கத்திலோ அவை குறைவு. கூடவே, இன்ட்ரான் வெட்டும் இடங்களைக் குறிக்கும் யு1 என்ற கூட்டமைப்பு ஒட்ட வசதியான இடங்கள் நிறைய. யு1 ஒட்டியிருக்கும் இடத்துக்கு அருகே இந்த வெட்டு தடுக்கப்படுகிறது. இதை 2013-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எதிர்ப்பக்கத்து ஆர்என்ஏ குட்டையாக வெட்டுப்பட்டு, சீக்கிரமே சிதைக்கப்படுகிறது. ஆக மனித செல்லில் எந்த இழையின் படி மிஞ்சும் என்பதைப் புரோமோட்டர் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தப் பக்கம் சீக்கிரம் நிறுத்தப்படுகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.